குளோரின் ‘தேவை’யா, ‘செலவா’? வெள்ளகாலக் குடிநீர்ப் பணிக்கான சொற்கள்

மு.செ. (கடலூர்) எழுதியது:

வணக்கம். வெள்ளம் வடிந்த ஊர்களிலும் காலரா பரவும் இடங்களிலும் தண்ணீருக்குக் குளோரின் போடுகிறவர்களுக்கான கையேட்டுக்குச் சொல் தேடுகிறோம். படிக்கப்போகிறவர் பொறியாளர் அல்லர். மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், குழாயடியில் நின்று குடத்துக்குக் குடம் சிரிஞ்சால் கரைசல் விடும் தன்னார்வலர், இவர்கள்தான்.

முதல் தகராறு ‘குளோரின் தேவை’ என்ற சொல்லோடு. சேறு, இலைதழை, இரும்பு, அம்மோனியா, கிருமி எல்லாம் சேர்ந்து தின்று தீர்க்கிற குளோரினுக்குப் பாடநூல்காரர்கள் வைத்த பெயர் இது. தமிழில் ‘தேவை’ என்று கண்டால் ‘போட வேண்டிய அளவு’ என்றுதான் யாரும் படிப்பார்கள். அதை மட்டும் போட்டால் தண்ணீர் முழுவதையும் தின்றுவிடும், குடத்தில் ஒன்றும் நிற்காது.

கணக்காகவே பாருங்கள். 20 லிட்டர் வாளி நான்கு. 1 விழுக்காட்டுத் தாய்க்கரைசல் தயார் செய்ய, 33 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 30 கிராம், 70 விழுக்காட்டு எச்.டி.எச். (வீரியம் கூடிய குளோரின் பவுடர்) என்றால் 15 கிராம். தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து வாளிகளில் முறையே 1, 2, 3, 4 மில்லி விடுகிறோம். லிட்டருக்கு 0.5, 1, 1.5, 2 மில்லிகிராம் ஆகிறது. கலக்கி, மூடி, அரைமணி கழித்து நீரில் நிற்கும் குளோரினை அளக்கிறோம். கலங்கிய கிணற்று நீரில் 0, 0.1, 0.5, 0.9 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாளியை எடுக்கிறோம்: போட்டது 1.5, நின்றது 0.5, தின்றது 1. பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் கரைசல்.

நான்காம் வாளியைக் கவனித்தீர்களா? அங்கே 1.1 போயிருக்கிறது. கூடப் போட்டால் கூடத் தின்னும், நேரம் போகப்போக இன்னும் தின்னும். இப்படி நகர்ந்துகொண்டே இருப்பதைத் ‘தேவை’ என்று எப்படி எழுதுவது?

இந்தச் சோதனைக்கு ஆங்கிலேய இராணுவ மருத்துவர் ஹோராக்ஸ் பெயரைச் சொல்கிறார்கள். நான் ‘வாளிச் சோதனை’ என்று போட்டிருக்கிறேன். அதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

ர. (மட்டக்களப்பு) எழுதியது:

வாளிச் சோதனை நல்லது. இங்கேயும் வாளிதான்.

‘தேவை’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. வடை எண்ணெய் குடிக்கிறது, சுவர் தண்ணீர் குடிக்கிறது என்று சொல்கிறோமே, அப்படியே ‘குளோரீன் குடிப்பு’ என்றால் என்ன? (நாங்கள் ‘குளோரீன்’ என்று நீட்டித்தான் எழுதுவோம். கையேட்டில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம்.)

மீதமிருப்பதை ‘எச்சக் குளோரின்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எச்சம் என்றால் சனங்களுக்குக் காகம் இட்டதுதான் ஞாபகம் வரும். குடிக்கிற தண்ணீரில் எச்சம் இருக்க வேண்டும் என்று ஒரு தொண்டர் வீடு வீடாகச் சொல்லிப் பார்க்கட்டும்!

தூளின் பெயரும் இப்படித்தான். எங்கள் பாடநூல்களில் ‘வெளிற்றும் தூள்’, உங்களுடையவற்றில் ‘சலவைத்தூள்’. சலவைத்தூள் என்று நோட்டீசில் அடித்தால் உடுப்புத் தோய்க்கிற பவுடரைக் கிணற்றில் போடவும் ஆள் இருக்கும். ‘பிளீச்சிங் பவுடர்’ அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று, ‘கிணறு சுத்திகரிப்பு’ என்ற சொல். இறைப்பது, சுவரைத் தேய்ப்பது, குளோரீன் போடுவது எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லால் சொல்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மணல் நிலத்தில் மேலே மிதக்கிற நன்னீர்ப் படை மெல்லியது, அதை இழுத்து எடுத்தால் கீழேயுள்ள உப்புநீர் ஏறிவிடும். ஆகவே ‘இறைப்பு’, ‘கழுவல்’, ‘குளோரீன் இடல்’ மூன்றும் வேறு வேறு தலைப்புகளாக வர வேண்டும். இறைப்புக்குக் கீழே ‘கடலோரக் கிணறு என்றால் நில்லுங்கள்’ என்று ஒரு வரி போடுங்கள்.

வே. (வேதியியல்) எழுதியது:

‘குளோரின் குடிப்பு’ கேட்க அழகுதான். ஆனால் அதை நோட்டீசில் அடித்தால் குளோரினைக் குடிக்கச் சொல்வதாகப் படிக்கும் ஆபத்து இருக்கிறது. என் வாக்கு இல்லை.

நீங்கள் இருவரும் மீதத்தை ஒற்றைப் பொருளாகப் பேசுகிறீர்கள். அது இரண்டு. அம்மோனியா இல்லாத நீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட்டாகவும் நிற்பது ஒன்று. அம்மோனியாவோடு கூடிக் குளோரமீன் ஆகிவிட்டது மற்றொன்று. முதலாவது நிமிடங்களில் கிருமியைக் கொல்லும். இரண்டாவதற்கும் கொல்லும் திறன் உண்டு, ஆனால் மிக மெதுவாக. கழிவுநீர் கலந்தால் அம்மோனியா வரும், அப்போது போட்டதெல்லாம் இரண்டாவது வகைக்குப் போய்விடும். 2022 சூலையில் காரைக்காலில் காலராவுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தபோது குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. சொல் பிரிந்து நிற்க வேண்டியது அப்படிப்பட்ட ஊரில்தான்.

ஏனென்றால் கருவியும் பிரிந்து நிற்கிறது. நம் ஊராட்சிகளில் பழகிய குளோரோஸ்கோப்பில் (நிறத்தை வைத்துக் குளோரின் அளக்கும் கருவி) ஆர்த்தோடொலுடின் என்ற மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் வரும். அந்த மஞ்சளில் இரண்டு மீதமும் சேர்ந்தே இருக்கின்றன. குளோரமீன் மட்டும் இருந்தாலும் மஞ்சள் வரும், இயக்குபவர் நிம்மதியாகப் போய்விடுவார். (அந்த மருந்து நஞ்சு வேறு, கையில் படக்கூடாது.) டி.பி.டி. என்பது இன்னொரு சோதனை மருந்து. அதன் 1-ஆம் எண் மாத்திரை (டி.பி.டி. 1) முதல் வகையை மட்டும் இளஞ்சிவப்பாகக் காட்டும். அதே குழாயில் டி.பி.டி. 3 சேர்த்தால் மொத்தம் தெரியும். கழித்தால் இரண்டாம் வகை.

டி.பி.டி.யிலும் கண்ணிகள் உண்டு. மாத்திரையைக் கையால் தொடக்கூடாது. கரைந்ததும் உடனே படிக்க வேண்டும், தாமதித்தால் குளோரமீனும் நிறத்தில் சேர்ந்துகொள்ளும். டி.பி.டி. 3 போட்ட குழாயை நன்றாகக் கழுவாமல் அடுத்த அளவுக்கு எடுத்தால், ஒட்டியிருக்கும் அயோடைடு முதல் வகையைக் கூட்டிக் காட்டும். எல்லாவற்றிலும் மோசமானது இது: குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் சிவப்பு ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு வெளுத்துவிடும். பார்ப்பவர் ‘பூச்சியம்’ என்று எழுதி, இன்னும் ஒரு கரண்டி போடுவார். சந்தேகம் வந்தால் மாதிரி நீரைக் குளோரின் இல்லாத சுத்தமான நீரில் பத்து மடங்கு கலந்து மறுபடி பார்க்க வேண்டும். மூக்கும் ஒரு கருவிதான்.

முதல் வகையை ஆங்கிலத்தில் ‘free’ என்கிறார்கள். வழக்கமான மொழிபெயர்ப்பு ‘கட்டற்ற எஞ்சிய குளோரின்’. இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் ‘இலவசக் குளோரின்’ வந்து நிற்கவும் கூடும்.

இ. (மொழிபெயர்ப்பு) எழுதியது:

‘கட்டற்ற’ என்று பத்து பேரிடம் சொன்னால் ஒன்பது பேருக்கு ‘அளவில்லாத’ என்றுதான் படும். கட்டற்ற குளோரின் இருக்க வேண்டும் என்றால் மூட்டையைக் கவிழ்த்துவிடுவார்கள்.

நம்மிடம் பழைய கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது: வரவு, செலவு, இருப்பு. பள்ளிக்கூடம் போகாத பெட்டிக்கடைக்காரருக்கும் இந்த மூன்றின் உறவு தெரியும். தண்ணீருக்குள் போட்டது வரவு, தண்ணீர் தின்றது செலவு, நிற்பது இருப்பு. செலவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் என்பதையும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மு.செ. ஐயா கேட்ட நகர்வும் அதிலேயே அடங்கிவிடுகிறது. முதல் வகை மீதத்தைக் ‘கைஇருப்பு’ என்றும், அம்மோனியாவிடம் சிக்கியதை ‘முடங்கிய இருப்பு’ என்றும் சொல்லலாம்.

மு.செ. எழுதியது:

‘செலவு’ பிரமாதம். அதற்கு மேல் தேட வேண்டாம்.

‘இருப்பு’ மட்டும் உதைக்கும். தினசரிப் படிவத்தில் கிடங்கு இருப்பு என்று ஏற்கனவே ஒரு கட்டம் உண்டு. ‘குளோரின் இருப்பு 12’ என்றால் பன்னிரண்டு மூட்டையா, லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிகிராமா? நள்ளிரவில் தொலைபேசியில் வாங்கி எழுதுகிறவர் எதையும் எழுதுவார். ‘வரவு’ என்றாலும் லாரியில் வந்திறங்கிய சரக்கு என்றாகும். ஆகவே ‘இட்டது’, ‘செலவு’, ‘மீதி’ என்று வைத்துக்கொள்வோமா? மீதி கடலூரிலும் மீதிதான், மட்டக்களப்பிலும் மீதிதான்.

செலவு என்று பேர் வைத்தால் இன்னொரு பழக்கத்தையும் கேள்வி கேட்கலாம். ‘ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர்’ என்ற மனப்பாடம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நல்ல பவுடராக இருந்தால் அது லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 மில்லிகிராம் இடுவதற்குச் சமம். தெளிந்த கிணற்றுக்குச் சரி. மேலே சொன்ன கலங்கிய கிணற்றில் செலவே 1, இந்த 0.7 போன இடம் தெரியாது. பவுடர் வேறு திறந்த சாக்கில் ஈரக்காற்று பட்டு வீரியம் பாதியாகிக் கிடக்கும்.

ர. எழுதியது:

இட்டது, செலவு, மீதி. சரி.

மீதியில் உருப்படியானதை அதன் வேலையை வைத்து ‘காவல் மீதி’ என்று சொன்னால் என்ன? குழாயடியில் நல்ல தண்ணீராக இருப்பதை வீட்டில் கை விட்டு மொள்ளும்போது மறுபடி அழுக்காக்குகிறோம். அந்த இரண்டாம் அழுக்குக்குக் காவலாக நிற்பதுதான் இது. மற்றது ‘கட்டு மீதி’, கட்டுப்பட்டுக் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ‘மொத்த மீதி’. குளோரோஸ்கோப் காட்டுவது மொத்த மீதி, டி.பி.டி. 1 காட்டுவது காவல் மீதி. ஒரே வசனத்தில் கருவியும் விளங்கிவிடுகிறது.

‘காவல்’ என்றால் அளவை எங்கே பார்ப்பது என்பதும் விளங்கும். பேரிடர் உதவிக்கான பன்னாட்டுத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு, தண்ணீர் கொடுக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் கேட்கிறது. ஆனால் தென் சூடானின் அகதி முகாம்களில் வீடுவரை பின்தொடர்ந்து அளந்தவர்கள், குழாயடியில் 1 மில்லிகிராம் இருந்தால்தான் சேமித்த தண்ணீரில் மணிக்கணக்கில் காவல் நிற்கிறது என்று எழுதினார்கள். வெயிலும் அழுக்குக் கேனும் செலவைக் கூட்டுகின்றன. ஆகவே படிவத்தில் ‘குழாயடிக் காவல் மீதி’, ‘வீட்டுக் காவல் மீதி’ என்று இரண்டு கட்டம்.

வே. எழுதியது:

காவல் மீதியை ஏற்கிறேன், இரண்டு தயக்கங்களோடு. ஒன்று, போட்ட இரண்டாம் நிமிடம் அளந்தாலும் காவல் மீதி காட்டும். வேலை இன்னும் முடிந்திருக்காது. அரைமணி கழித்து அளந்ததற்கே அந்தப் பெயர் என்று எழுதுங்கள். இரண்டு, பி.எச். 8-ஐத் தாண்டிய நீரில் அதே எண் பலம் குறைந்த காவல், ஏனென்றால் பெரும்பகுதி ஹைப்போகுளோரைட்டாக நிற்கும். அங்கே நேரத்தைக் கூட்ட வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகளுக்கு இந்தக் காவல் பொருட்டே இல்லை. காலராக் கிருமி அப்படியல்ல, குளோரினுக்குச் சுலபமாகச் சாகும்.

கலங்கல் 5 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் போனால் முதலில் தெளிய வையுங்கள். படிகாரத்தைத் ‘திரட்டி’ என்கிறார்கள். கலங்கிய நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டை உரைத்த நாட்டில் ‘தேற்றி’ என்ற சொல் இருக்க, திரட்டி எதற்கு?

இ. எழுதியது:

தேற்றி! உடனே எடுத்துக்கொள்ளுங்கள்.

அலகு பற்றி ஓர் எச்சரிக்கை. குடிநீரில் 0.5 என்றால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். காலரா சிகிச்சை மையத்தில் 0.05 என்று எழுதி ஒட்டியிருப்பது விழுக்காடு, அதாவது லிட்டருக்கு 500 மில்லிகிராம். எண்ணைப் பார்த்தால் சின்னது, உண்மையில் ஆயிரம் மடங்கு பெரியது. பீப்பாய்களில் எண்ணை மட்டும் எழுதாமல் பெயர் எழுதச் சொல்லலாம்: கை கழுவும் 0.05 விழுக்காடு ‘கைக் கரைசல்’, தரைக்கும் கால் நனைக்கும் தட்டுக்கும் உரிய 0.2 ‘தரைக் கரைசல்’, வாந்திக்கும் மலத்துக்கும் சடலத்துக்கும் உரிய 2 ‘கழிவுக் கரைசல்’.

மு.செ. எழுதியது:

எல்லாவற்றையும் சேர்த்து வரைவில் இப்படிப் போகிறது:

“வாளிச் சோதனை செய்க. அரைமணி கழித்து டி.பி.டி. 1 கொண்டு காவல் மீதியை அளக்க. இட்டதிலிருந்து காவல் மீதியைக் கழித்தால் செலவு. மழை பெய்தால், கிணறு மாறினால், புதிய மூட்டை பிரித்தால் செலவும் மாறும். சோதனையை மறுபடி செய்க. குளோரோஸ்கோப் மட்டுமே இருந்தால் ‘மொத்த மீதி’ என்றே படிவத்தில் எழுதுக. காவல் மீதி என்று எழுதாதே. நிறம் தோன்றி மறைந்தால் பூச்சியம் அல்ல. பத்து மடங்கு நீர் கலந்து மறுபடி அளக்க.”

வே. ஐயாவுக்கு: இட்டதில் காவல் மீதியை மட்டும் கழித்தால் கட்டு மீதியும் செலவில் சேர்ந்துவிடுகிறது. தெரிந்தேதான் விட்டேன். களத்தில் அது செலவுதான்.

அந்த அரைமணிக்கு ‘தொடர்பு நேரம்’ என்று இருக்கிறது, தொலைபேசிக் கட்டணம் போல. ‘ஊறும் நேரம்’ என்று மாற்றட்டுமா?

ர. எழுதியது:

ஊறும் நேரம் சரி. ‘ஊறல்’ என்று மட்டும் சுருக்காதீர்கள், கள்ளச்சாராயக்காரர் கோபிப்பார்கள்.