சீனப் பெற்றோர் ஆன்லைன் பாடம் என்றாலே ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

மெல்பர்ன்வாசி:

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் முதுநிலை மாணவர்களுக்கு டுடோரியல் எடுக்கிறேன். இந்த செமஸ்டரில் ஒரு பாடம் முழுக்க ஆன்லைன். சீன மாணவர்கள் ஆறு பேர் வந்து வேறு பாடத்துக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால், "அம்மா வேண்டாம் என்கிறார்." இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள்! மாணவர் விசாவில் இருப்பவர்கள் மொத்தப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை ஆன்லைனில் படிக்க இங்குள்ள விதியே இடம் தருகிறது. பாடமும் நான் பார்த்துப் பார்த்துத் தயாரித்தது, அதனால் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. சீனாவில் இருப்பவர்கள் யாராவது விளக்குவீர்களா?

சூசோ_தமிழன்:

அக்கா, உங்கள் பாடத்தை அவர்கள் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாகச் சீனாவில் இந்த சூசோ நகரத்தில் இருக்கிறேன், எதிர்வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவர்களுக்கு ஒரே மகள். 2021 ஜூலையில் மெல்பர்னில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பில் சேர்ந்தாள். ஆஸ்திரேலிய எல்லை மூடியிருந்ததால் வீட்டிலிருந்தே வகுப்பு. உங்கள் ஊரில் காலை 9 மணி என்றால் இங்கே 7. அக்டோபரில் நீங்கள் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் 6. அவள் அம்மா விடியும் முன்பே எழுந்து சோயாப் பால் காய்ச்சி, கதவுக்கு வெளியே நின்று உள்ளே பேச்சு சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். கட்டணத்தில் ஒரு காசு குறையவில்லை. தாத்தா பாட்டிகள் சேமிப்பும் அதில் இருந்தது.

சரி, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். 2023 ஜனவரி 28, சனிக்கிழமை. வசந்த விழா விடுமுறை முடிந்த கையோடு அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்த்துச் சான்று தருகிற மையம் ஒன்று கல்வி அமைச்சின் கீழ் பெய்ஜிங்கில் இருக்கிறது. கொரோனா காலத்தில் ஆன்லைனில் படித்ததை ஏற்றுக்கொண்ட அந்த மையம், அடுத்து வரும் செமஸ்டரிலிருந்து அது செல்லாது, எல்லோரும் நேரில் போக வேண்டும் என்றது. உங்கள் ஊரில் வகுப்பு தொடங்க ஒரு மாதம்கூட இல்லை. விசாவோ விமானமோ கிடைக்காதவர்களுக்கு விலக்கு உண்டு என்று மறுநாள் விளக்கம் வந்தது. ஆனால் அந்த ஒரு ராத்திரியை அந்த அம்மா இன்னும் மறக்கவில்லை. மகளுக்கு மீதி இருந்தது ஒரே ஒரு செமஸ்டர். அந்தச் சான்று இல்லாமல் அரசு வேலை, அரசு நிறுவன வேலை, ஷாங்காயில் ஹுகோ என்கிற குடிப்பதிவு எதற்கும் விண்ணப்பிக்க வழியில்லை. சிங்கப்பூர் வழியாக டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. இந்தப் பெற்றோர் எழுபதுகளில் பிறந்தவர்கள். 1999-இல்தான் இங்கே பல்கலைக்கழக இடங்களைப் பெரிய அளவில் கூட்டினார்கள். அதற்கு முன் கவ்காவ் நுழைவுத் தேர்வில் தோற்றவர்களுக்கு அஞ்சல் வழி, தொலைக்காட்சிப் பல்கலைக்கழகம் போன்றவைதான் மிச்சம். அந்தப் பெண்ணின் அப்பா ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டயம் வாங்கியவர். "முழுநேரப் படிப்பு மட்டும்" என்ற ஒரு வரியால் பதவி உயர்வு இரண்டு முறை கை நழுவியது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். நம் ஊரில் "கரஸ்லயா படிச்சே?" என்று கேட்பார்களே, அதே கேள்வியை முப்பது வருடமாக எதிர்கொண்டவர். மகளுக்கும் அது வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறார்.

குவாங்சோ_மீனா:

முன்னால் சொன்னது உண்மைதான், ஆனால் எல்லா நேரமும் அப்படி இல்லை. 2020-இல் என்னோடு வேலை செய்த ஒரு தோழி, மகன் வீட்டிலிருந்தே படிப்பதை அதிர்ஷ்டம் என்றாள். அந்த ஜூனில் இங்குள்ள கல்வி அமைச்சே ஆஸ்திரேலியா போவதை யோசித்து முடிவெடுக்கச் சொல்லி எச்சரித்தது. அங்கே ஆசியர்கள் மீது தாக்குதல் என்ற செய்திகள் வேறு. அப்போது பையன் கண் முன்னால் இருந்தால் போதும் அவளுக்கு. ஆறு மாதம் கழித்துப் பேச்சு மாறியது. "அங்கே பஸ் பிடிக்க, ஆங்கிலத்தில் சண்டை போட, தனியாகச் சமைக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் பணம் கட்டினேன். அவன் என் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அறையில் படுத்திருக்கிறான்" என்றாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

மெல்பர்ன்வாசி:

இருவருக்கும் நன்றி. அந்த அப்பாவின் கதையைப் படித்த பிறகு எனக்கு வருத்தம் போய்விட்டது. ஆறு பேரில் நான்கு பேரை நேர் வகுப்புள்ள பாடத்துக்கு மாற்ற இடம் கிடைத்திருக்கிறது. மற்ற இருவருக்கும் இதுதான் கட்டாயப் பாடம், மாற்ற முடியாது. மற்ற பாடங்களை வளாகத்தில்தான் படிக்கிறார்கள் என்று துறையிலிருந்து மின்னஞ்சல் அனுப்பச் சொன்னால் பெற்றோருக்கு உதவுமா?

சூசோ_தமிழன்:

கட்டாயம் உதவும் அக்கா. ஆனால் மின்னஞ்சல் வேண்டாம். துறையின் தாளில் அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுங்கள். இங்கே முத்திரை இல்லாத தாளை யாரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள். அப்புறம், விசா அனுமதிக் கடிதம், விமான டிக்கெட் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எதிர்வீட்டு அம்மா அவற்றைப் பட்டத்தோடு ஒரே உறையில்தான் வைத்திருக்கிறார்.