புல் வெட்டி முடித்ததும் மினி டிராக்டரில் ‘டக் டக்’

கார்த்திகை மழை ஓய்ந்தபோது ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் புல் இடுப்பளவு நின்றது. நாலு சக்கரமும் இழுக்கும் 24 குதிரைத்திறன் மினி டிராக்டரில் ஸ்லாஷரை (சுழலும் கத்தியால் புல் வெட்டும் கருவி) மாட்டி ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். அந்த இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. ஸ்லாஷரைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அடியிலிருந்து ‘டக்... டக்...’.

கியர்பாக்ஸாகத்தான் இருக்கும், வண்டியை இரண்டாகப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார் மெக்கானிக். எனக்கு மனசு வரவில்லை. வண்டியை நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கினேன், சத்தம் இல்லை. பி.டி.ஓ.வை (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) மட்டும் ஓடவிட்டேன், கிளட்சை மிதித்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை. சரி என்று எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சமதளத்தில் நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். டக்!

அப்படியானால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. பின் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன், கணக்கு ஒத்துவரவில்லை. வலது முன் டயரில் போட்டதும் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு டக்.

புல்லுக்குள் கிடந்த 16 மி.மீ. சொட்டுநீர் டியூப் முன் சக்கரத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இறுகச் சுற்றியிருந்தது. அறுந்த நுனி சுற்றுக்கு ஒருமுறை ஆக்சிலில் அடித்துக்கொண்டிருந்தது. கத்தியால் அறுத்து எடுத்தபோதுதான் உண்மையில் பயந்தேன்: டியூப், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீலையும் கடித்து, எண்ணெய் கசிந்திருந்தது. இரண்டு நாள் அப்படியே ஓட்டியிருந்தால் உள்ளே பல்சக்கரங்கள் காய்ந்து தேய்ந்திருக்கும். சீல் மாற்றி, ஆக்சில் எண்ணெயை அளவுக்கு நிரப்பியதோடு வேலை முடிந்தது.

இதைப் படித்த ஒரு தம்பி எழுதியது: அண்ணா, எனக்கு வந்தது வேறு மாதிரி. வரப்பு திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமல் ஸ்லாஷரை உயரத் தூக்குவேன், அப்போது மட்டும் ‘கடகட’. பி.டி.ஓ.வையும் ஸ்லாஷரையும் இணைக்கும் ஷாஃப்ட் அதிகமாகச் சாய்ந்தால், நிமிடத்துக்கு 540 சுற்றில் அதன் மடங்கும் இணைப்பான யுனிவர்சல் ஜாயிண்ட் அப்படித்தான் அடிக்கும் என்று அப்புறம்தான் புரிந்தது. அதற்குள் அந்த ஜாயிண்டின் கிராஸ் பேரிங் ஒன்று போய்விட்டது. கிரீஸ் வைக்காமல் விட்டதும் என் தப்புதான். இப்போது தினமும் வேலைக்கு முன் கிரீஸ் வைக்கிறேன். சத்தம் தேடிக் கீழே குனிகிறவர்கள் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு குனியுங்கள், தயவுசெய்து.

என் பதில்: தம்பி சொன்னது சரி. கிரீஸ் வைக்கும்போதே நான் ஸ்லாஷர் கத்தியின் போல்ட்டையும் இறுக்கிப் பார்த்துவிடுகிறேன். கல்லில் பட்டுக் கத்தி முறிந்தால் வண்டியே அதிரும். டியூப்களைப் புல் வெட்டுவதற்கு முந்தின நாளே சுருட்டி மரத்தடியில் கட்டிவிடுகிறேன்.