சாக்கெட்டுக்குள் தெர்மல் பேஸ்ட்: பின் வளையாமல் எடுப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. தங்கையின் படிப்புக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம், எல்ஜிஏ 1151 போர்டு (பின்கள் ப்ராசஸரில் இல்லாமல் போர்டின் சாக்கெட்டில் இருக்கும் வகை), ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர். ஆன் ஆகிறது, ஆனால் இரண்டு ராம் போட்டால் ஒன்றைத்தான் காட்டுகிறது, ராமை மாற்றிப் போட்டாலும் அதே ஸ்லாட்தான் படுத்துகிறது. ப்ராசஸரைக் கழற்றினால் சாக்கெட்டின் ஒரு மூலையில் சாம்பல் நிறத் தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்தத் தடவுவது), பின்களுக்கு நடுவில் நன்றாக இறங்கியிருக்கிறது. ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளேயே இருப்பதால், அந்த இடத்துப் பின்கள் சரியாகத் தொடாவிட்டால் ஒரு சேனலே (ராமுக்கான ஒரு பாதை) வேலை செய்யாது, அதனால் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ப்ராசஸரின் அடிப்பக்கம் தட்டைதான், 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்தாயிற்று. கவலை சாக்கெட்தான். 1151 பின்னும் முடி போல மெல்லிய ஸ்பிரிங், பஞ்சோ துணியோ பட்டால் நூல் மாட்டி இழுத்துவிடும். பெரும்பாலான பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, லிக்விட் மெட்டல் (மின்சாரம் கடத்தும் திரவ உலோகம்) என்றால்தான் பெரிய ஆபத்து, ஆனால் இது எந்தப் பிராண்ட் என்றே தெரியாததால் மிச்சமில்லாமல் எடுத்துவிட நினைக்கிறேன்.

இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ஆல்கஹால் விட்டு ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பின் சாய்ந்திருக்கும் திசையிலேயே ஒற்றி எடுக்கலாமா, இல்லை கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே நல்லதா? அப்புறம் எவ்வளவு நேரம் காயவிட வேண்டும்? மதுரைப் பக்கம் மைக்ராஸ்கோப் வைத்துப் பின் வேலை பார்க்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள், அடுத்த வாரம் தங்கைக்கு வகுப்பு தொடங்குகிறது.