இங்கிலாந்தில் பாரிஷ் கவுன்சில் (ஊர் மன்றம்) கூட்டத்துக்குப் போனவர்கள் இருந்தால் எழுதுங்கள்

சஃபோக்வாசி:
எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்தது. பாரிஷ் கவுன்சில் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். மழை பெய்தால் தண்ணீர் முழுக்க அந்த வயலில்தான் தேங்குகிறது, அதை மூடிக் கட்டினால் எங்கள் தெருவுக்குள் வரும் என்று பேசினேன். கவுன்சிலர்கள் அத்தனை பேரும் எதிர்ப்பு என்று கை தூக்கினார்கள், ஹால் முழுக்கக் கைதட்டல். அப்போது கவுன்சிலின் செயலாளரான கிளார்க் அம்மா தலையை நிமிர்த்தி, "இது நம் கருத்து மட்டும்தான், முடிவெடுப்பது நமக்கு மேலே இருக்கும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்" என்றார். கைதட்டல் சட்டென்று நின்றது. அந்த அமைதி இன்னும் உறுத்துகிறது. டிஸ்ட்ரிக்ட் அனுமதி கொடுத்துவிட்டது, இப்போது அங்கே ஜேசிபி ஓடுகிறது. தடுக்க முடியாதவர்களுக்கு எதற்கு கவுன்சில் டாக்ஸோடு சேர்த்து ப்ரீசெப்ட் என்று தனியாக ஒரு வரி?

கோவைக்கிளி:
அண்ணா, பிளானிங்கில் அதிகாரம் இல்லை என்பதற்காக எதிலுமே இல்லை என்று சொல்லாதீர்கள். விளையாட்டுத் திடல், பஸ் ஷெல்டர், கிராம ஹால், இடுகாடு எல்லாம் பல ஊர்களில் அவர்கள் கையில்தான். அலாட்மென்ட்டும், அதாவது தோட்டம் போட வாடகைக்குக் கொடுக்கும் சிறு நிலமும், அப்படித்தான். கீரையும் பூசணியும் போட எங்களுக்கு நிலம் வேண்டியிருந்தது. சேர்மன் "இங்கே யாரும் கேட்கவில்லையே" என்று அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார். நாங்கள் ஆறு வாக்காளர்கள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை கிளார்க் எடுத்து மேசையில் வைத்து, 1908 அலாட்மென்ட் சட்டப்படி இதைக் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும், தேவை இருப்பது உண்மை என்றால் நிலம் ஏற்பாடு செய்வதும் கடமை என்று நிதானமாகச் சொன்னார். சேர்மன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இப்போது திடலுக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பாத்தி இருக்கிறது. அந்த ப்ரீசெப்ட் பணம்தான் வேலியாக நிற்கிறது, அதனால் எனக்கு அந்த வரி வலிக்கவில்லை.

பண்டத்தரிப்பான்:
உங்களுக்குச் சட்டம் உதவி செய்தது தங்கச்சி, சந்தோஷம். எங்கள் ஊர்ச் சேமக்காலை, அதாவது இடுகாடு, பாரிஷ் கவுன்சிலுடையது. அம்மா அங்கேதான் இருக்கிறா. அப்பா கடைசிக் காலத்தில் டவுனில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்குப் போனார், அதனால் அவர் வெளியூர்க்காரர், குழிக்கு மூன்று மடங்கு காசு என்று கடிதம் வந்தது. அவரை ஊர் ஆளாக எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் போய் இருந்தேன். வாக்கெடுப்பு. அப்பா வளர்த்த தக்காளியை வேலிக்கு மேலால் வாங்கிக்கொண்டு போன மனிசியும் அந்தக் கவுன்சிலில் இருந்தா. பேப்பரைப் பார்த்தபடியே மறுப்புக்குக் கை தூக்கினா. காசு கட்டியாயிற்று. அந்தக் கைதான் மறக்கவில்லை.

கென்ட்_மதுரைக்காரன்:
நான் ஒரே ஒரு கூட்டத்துக்குப் போனேன், நாய்க் கழிவுத் தொட்டியை எங்கே வைப்பது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள், அவ்வளவுதான். ஆனால் இங்கே சிலது சொல்ல வேண்டும். சஃபோக் நண்பரே, பாரிஷ் ஹாலில் பேசியது போதாது, அதையே எழுத்தில் டிஸ்ட்ரிக்ட் பிளானிங் பிரிவுக்கு அனுப்பியிருக்க வேண்டும், தேதி போட்ட வெள்ளப் படங்களோடு. சன்னலிலிருந்து தெரியும் காட்சி போகிறது, வீட்டு விலை குறைகிறது என்பதெல்லாம் எடுபடாது. வெள்ளம் எடுபடும், பெரிய திட்டம் என்றால் டிஸ்ட்ரிக்டுக்கும் மேலே உள்ள கவுன்ட்டி கவுன்சிலின் வெள்ளத் தடுப்புப் பிரிவிடமும் கருத்துக் கேட்டாக வேண்டும். அதைவிட முக்கியம், 2011 லோக்கலிசம் சட்டத்துக்கு அப்புறம் ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் நெய்பர்ஹுட் பிளானை பாரிஷ் கவுன்சிலே தயாரிக்கலாம். அது ஊர் வாக்கெடுப்பில் ஜெயித்து நடைமுறைக்கு வந்துவிட்டால் டிஸ்ட்ரிக்ட் முடிவெடுக்கும்போது அதற்கு எடை உண்டு. விண்ணப்பம் வந்தபிறகு திரண்டு என்ன செய்வது? இன்னொன்று, இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நமக்கு ஓட்டு இல்லை என்று நிறையப் பேர் சும்மா இருக்கிறார்கள். முறையான விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களான நமக்கு ஓட்டு உண்டு, நிரந்தர வசிப்புரிமை இருந்தால் கவுன்சிலராகவும் நிற்கலாம். இடம் காலியானால் நோட்டீஸ் போடுவார்கள், 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர்கள் தேர்தல் கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம், பல ஊர்களில் ஆள் கிடைக்காமல் இடம் காலியாகவே கிடக்கிறது. பண்டத்தரிப்பு அண்ணன் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் கட்டணத்தை மாற்றியிருக்கலாமே.

சஃபோக்வாசி:
எழுத்திலும் அனுப்பினோம் சார், படங்களோடுதான். கவுன்ட்டி ஒரு குளம் வெட்டச் சொல்லி நிபந்தனை போட்டுவிட்டு ஆட்சேபம் இல்லை என்றது.

பண்டத்தரிப்பான்:
தம்பி, எனக்கு இங்கே வாக்கும் இருக்கிறது, இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இருக்கிறது. அப்பாவின் காரியத்துக்கு நடுவில் தேர்தலுக்கு நிற்கச் சொல்கிறீர்களா? எனக்கு வேண்டியது வேறு. கல்லில் அப்பாவின் பெயரைச் சேர்க்க இன்னொரு கட்டணம் கேட்டிருக்கிறார்கள், அதுவும் வெளியூர்க் கணக்கில். கல் அம்மாவுடையது, அவ ஊர் ஆள். இதை எழுதிக் கேட்டுக் குறைத்தவர்கள் யாராவது இருந்தால் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.