டைரியில் சிவப்பு மையில் வரும் புகார்கள்: பெங்களூரு வகுப்பறைகளில் நாங்கள் கண்டவை

சிறப்புக் கல்வி ஆசிரியை, அல்சூர்

எங்கள் பள்ளியின் ரிசோர்ஸ் ரூமுக்கு, அதாவது கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான தனி அறைக்கு, வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு குறைபாட்டின் பெயரோடு வருவதில்லை. ஒரு புகாரோடுதான் வருகிறார்கள். 'எழுத மறுக்கிறான்', 'கூப்பிட்டால் திரும்புவதில்லை', 'பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுகிறாள்' என்று வகுப்பு ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய டைரியைப் பெற்றோர் என் மேசைமீது விரித்து வைப்பார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைகளே இருந்தன. ஆட்டிசமும், டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் திணறல்) உள்ளிட்ட கற்றல் குறைபாடுகளும் புதிய சட்டத்தில்தான் இடம்பெற்றன. ஆசிரியர் அறையில் அதிகம் பேசப்படும் ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல், அமைதியாக இருக்க முடியாமல் தவிக்கும் நிலை) இன்றும் அந்தப் பட்டியலில் தனிப் பெயராக இல்லை.

பட்டியலைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்தான். ஆனால் டைரியில் இருக்கும் வரியைப் படித்துவிட்டு நேராகப் பட்டியலுக்குத் தாவ முடியாது. எழுத மறுக்கும் பிள்ளை, விரல்களில் வலுவில்லாத பிள்ளையாக இருக்கலாம். எழுத்தையும் ஒலியையும் இணைக்கத் திணறும் பிள்ளையாக இருக்கலாம். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்பதைச் சொல்லத் தெரியாத பிள்ளையாகவும் இருக்கலாம். எனவே பெயரைத் தேடுவதற்கு முன்பு, அந்த நடத்தை எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளும்படி நான் வகுப்பு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டில் மூன்று கட்டங்கள் போதும்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள்.

நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வீட்டில் தமிழ், பாடமொழி ஆங்கிலம், அவற்றோடு கன்னடமும் இந்தியும் என நான்கு மொழிகளுக்கு நடுவே வளர்ந்தவன். நோட்டுப் புத்தகத்தைக் கிழிக்கிறான், தடுத்தால் அடிக்கிறான் என்பது புகார். மூன்று கட்ட நோட்டைப் புரட்டியபோது, கிழிப்பது எல்லா வகுப்பிலும் நடக்கவில்லை என்பது தெரிந்தது. சுற்றுச்சூழல் பாடத்தில் அவன்தான் முதலில் கை தூக்குகிறான்; ஏரிக்கரைக்கு எந்தப் பறவை எப்போது வரும் என்று வகுப்பையே நிறுத்திவைத்துப் பேசுகிறான். சொல்வதெழுதுதல் வரும் பீரியடில் மட்டும், அதுவும் ஆசிரியை "எல்லாரும் நோட்டை எடுங்கள்" என்று சொன்ன ஓரிரு நிமிடங்களில், தாள் கிழிகிறது. மூன்றாவது கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே வாக்கியம் எழுதப்பட்டிருந்தது: 'வெளியே நிறுத்தப்பட்டான்.' பள்ளி அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தது. அவனுக்கோ அது விடுதலையாக இருந்தது. கிழித்தால் எழுத வேண்டியதில்லை என்பதை நாம்தான் தினமும் அவனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எனவே இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தோம். மறுநாள் வரப்போகும் சொற்களில் ஐந்தை மட்டும் முந்தைய நாளே அவனிடம் கொடுத்தோம். மற்றவற்றை அவன் வாயால் சொன்னால் போதும். தாங்க முடியாதபோது மேசையில் வைப்பதற்கு ஒரு மஞ்சள் அட்டையையும் கொடுத்தோம். அதை வைத்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அதே நேரத்தில், கிழித்தால் வெளியே அனுப்புவது நிறுத்தப்பட்டது. இதைச் செய்த தொடக்க நாட்களில் அவன் முன்பைவிட அதிகமாகக் கிழித்தான். பழகிய வழி திடீரென அடைபடும்போது நடத்தை குறைவதற்கு முன் ஒருமுறை கூடலாம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், பல பள்ளிகள் சரியாக இந்த இடத்தில்தான் திட்டத்தைக் கைவிடுகின்றன. பிறகு அட்டை அதிகம் பயன்பட்டது, கிழிப்பது அரிதாகிவிட்டது. ஆனால் அவன் எழுத அஞ்சியதற்குப் பின்னால் இருந்த வாசிப்புத் திணறல் அப்படியே இருந்தது. அதற்கான பயிற்சி தனியாக, எழுத்தொலிகளிலிருந்து தொடங்கி, இன்றுவரை நடக்கிறது. நடத்தையைச் சரிசெய்தால் குறைபாடு தீர்ந்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு தாய், கே.ஆர். புரம்

என் மகளின் டைரியில் 'வகுப்பில் கனவு காண்கிறாள்' என்ற வரி இரண்டாம் வகுப்பு முழுவதும் வந்தது. திட்டினால் பயந்து அழுவாள். ஆனால் என்ன தவறு செய்தோம் என்பது அவளுக்கே தெரியாது. கவனக்குறைவாக இருக்கும், டியூஷன் வையுங்கள் என்றார்கள், வைத்தோம்.

உண்மையில் கண்டுபிடித்தவர் என் மாமியார். காலையில் இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகும் கை பாதியில் நின்றுவிடுகிறது, இமை படபடவென்று துடிக்கிறது, கூப்பிட்டாலும் தோளைத் தொட்டாலும் பதில் இல்லை, சில நொடிகளில் எதுவுமே நடக்காததுபோல் மென்று தின்கிறாள் என்று கவனித்துச் சொன்னார். "இது யோசனை இல்லம்மா, பிள்ளை அந்த நேரத்துல இங்க இல்ல" என்பது அவர் சொன்ன வார்த்தை. குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் அவளிடம் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, நிறுத்தாமல் ஊதச் சொன்னார். ஊதிக்கொண்டிருந்தவள் எங்கள் கண்ணெதிரில் நின்றுபோனாள். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனையில் அது ஆப்சென்ஸ் வலிப்பு என்று உறுதியானது. கீழே விழுவதோ கைகால் வெட்டுவதோ இல்லாத இந்த வகை வலிப்பு ஒரே நாளில் பல முறை வந்துபோகும் என்றும், ஒவ்வொரு முறையும் பாடத்தில் சில சொற்கள் அவளுக்குக் கிடைக்காமலே போயிருக்கும் என்றும் மருத்துவர் விளக்கியபோதுதான், 'வடகிழக்குப் பருவக்காற்று' என்ற பதிலில் அவள் எப்போதும் பாதியை மட்டும் எழுதியதன் காரணம் எங்களுக்குப் புரிந்தது.

மருந்து தொடர்கிறது. பள்ளியிடம் நாங்கள் எழுத்தில் கேட்டுக்கொண்டவை சிலவே: முக்கியமான அறிவிப்பை அவளிடம் ஒருமுறை திரும்பச் சொல்ல வேண்டும், நீச்சலுக்கும் ஏறி விளையாடும் இடத்துக்கும் துணையின்றி அனுப்பக்கூடாது, நின்றுபோகும் நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். அந்தக் குறிப்பு மருந்தின் அளவை முடிவுசெய்ய மருத்துவருக்குப் பெரிதும் உதவுகிறது. பகல்கனவு காணும் பிள்ளையைத் தொட்டால் திரும்பிப் பார்க்கும்; இந்த வலிப்பு வந்த பிள்ளை அப்படித் திரும்பாது. ஆசிரியர்கள் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஸ்ரீராமபுரம்

சுருக்கமாகச் சொல்கிறேன். சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கும் பிள்ளைகளுக்கு, அது வடியும்வரை கேட்கும் திறன் குறைந்திருக்கும். நன்றாகக் கேட்கும் நாளும் கேட்காத நாளும் மாறி மாறி வருவதால், 'வேண்டுமென்றுதான் கேட்காததுபோல் இருக்கிறான்' என்ற பழி வந்துசேர்கிறது. நடத்தை பற்றிய எந்தப் பேச்சுக்கும் முன்பு காதும் கண்ணும் சோதிக்கப்பட வேண்டும். இன்னொன்று, ஓசூரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ குடிவந்த குடும்பத்துப் பிள்ளை கன்னடமும் ஆங்கிலமும் பேசும் வகுப்பில் சில மாதங்கள் வாய் திறக்காமல் இருந்தால், அதைக் குறைபாடு என்று எழுதிவிடாதீர்கள். புதிய மொழியை உள்வாங்கும் காலம் அது. தமிழ் பேசும் தோழனிடம் இடைவேளையில் கலகலவென்று பேசுகிறானா என்று பாருங்கள். தெரிந்த மொழியிலும், மாதங்கள் கடந்த பின்பும், பள்ளி வாசலைத் தாண்டியதும் பேச்சு முற்றாக நின்றுவிடுகிறது என்றால் அது பதற்றம் சார்ந்த வேறு நிலை. அதற்கு நிபுணரிடம் போகத்தான் வேண்டும். 'பேசு, பேசு' என்று எழுப்பி நிறுத்துவது அந்தப் பிள்ளையை இன்னும் இறுக்கிவிடும்.

கணித ஆசிரியர், விவேக்நகர்

மேலே உள்ளவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மூன்று கட்ட நோட்டை எழுதப்போவது யார் என்ற கேள்வி இருக்கிறது. என் வகுப்பில் பெஞ்சுக்கு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பையன் காம்பஸை எறிந்தால், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் அடிபட்ட பெண்ணின் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாலையில் அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்து, "என் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு சார்?" என்று கேட்பதும் நியாயமே. தொடக்கநிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. தீர்ப்பு தாளில் இருக்கிறது. எங்கள் மாடியில் அப்படி ஒருவரும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது, அது சரியானதே. ஆனால் பிரம்பை வாங்கிக்கொண்டவர்கள் எங்கள் கையில் வேறு எதையும் கொடுக்கவில்லை.

ஒரு தந்தை, எலக்ட்ரானிக் சிட்டி

கணித ஆசிரியரின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. எறிந்தவனின் தந்தையாகவும் நான் நின்றிருக்கிறேன். என் மகனுக்கு ஆட்டிசம். அசெம்பிளியில் மைக் 'கீ' என்று ஒருமுறை கத்தினால் போதும், அவன் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான், அருகில் இருப்பவரைத் தள்ளுவான். அதை அடம் என்று எண்ணிய முந்தைய பள்ளியில் இரண்டு ஆயாம்மாக்கள் அவனை அமுக்கிப் பிடிப்பார்கள். தொடுதலே தாங்காத பிள்ளையைப் பிடித்து அமுக்கினால் நிலைமை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடம் பிடிக்கும் பிள்ளை நம்மைப் பார்த்துக்கொண்டே அழும். கேட்டதைக் கொடுத்தால் நிறுத்திவிடும். புலன்கள் தாங்காமல் வெடிக்கும் பிள்ளைக்கு நாம் எதைக் கொடுத்தாலும் அந்த நேரத்தில் பயனில்லை. ஒலியும் வெளிச்சமும் ஆள்கூட்டமும் குறைந்தால்தான் மெல்ல அடங்கும்.

இப்போதைய பள்ளி செய்வது செலவில்லாத காரியங்கள். அசெம்பிளி முடிந்த பிறகு வகுப்புக்கு நேராக வரலாம் என்று அனுமதித்தார்கள். தீயணைப்பு ஒத்திகை நடக்கும் நாளை முதல்நாளே சொல்கிறார்கள். அவனுடைய மேசையில் அன்றைய பீரியடுகள் படங்களாக வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். முடிந்ததை அவனே பிய்த்து டப்பாவில் போடுவான். ஆசிரியர் வராத நாளில் வேறு படம் ஒட்டிக் காட்டுகிறார்கள். இந்த ஊரில் பந்த் என்று திடீர் விடுமுறை விட்டாலோ, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கு அஞ்சி வேன் வேறு தெருவில் திரும்பினாலோ இன்னும் சிரமம்தான். அதற்கென்று ஒரு கேள்விக்குறி அட்டையை வேன் ஓட்டுநரே வைத்திருக்கிறார். "தம்பி, இன்னைக்கு வேற ரோடு" என்று அதைக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். எந்தப் பயிற்சியும் பெறாத மனிதர் அவர்.

தமிழ்க் குடும்பங்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 'வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும்' என்று ஒரு சிகிச்சையாளர் எங்களுக்கு அறிவுறுத்தினார். சேலத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவர் அவனோடு பேசாமல் இருப்பதா? இருமொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதை வேறொரு பேச்சுப் பயிற்சியாளர் விளக்கிய பிறகு நாங்கள் அந்த அறிவுரையைக் கைவிட்டோம். அவன் முதலில் தானாகக் கேட்ட பொருள் 'தோசை'. கேட்டது என் அம்மாவிடம்.

சிறப்புக் கல்வி ஆசிரியை, அல்சூர்

கணித ஆசிரியருக்கு: நோட்டை நாள் முழுவதும் எழுத வேண்டாம், சார். எந்தப் பீரியடில் அதிகம் நடக்கிறதோ அதை மட்டும், ஒன்றிரண்டு வாரங்கள், ஒரு வரி வீதம் எழுதினால் போதும். அடிபடும் பிள்ளையைக் காப்பதுதான் முதல் வேலை என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. வீசக்கூடிய பொருளை அந்தப் பீரியடில் மேசையிலிருந்து எடுத்துவிடுவதும் நடத்தை ஆதரவின் பகுதியே. ஆள் பற்றாக்குறை பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு மாடிகளுக்கும் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

குறைபாட்டுச் சான்றிதழ் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: கற்றல் குறைபாட்டை 8 வயதுக்கு முன்பு, அதாவது மூன்றாம் வகுப்புக்கு முன்பு, உறுதிசெய்து சான்று தருவதில்லை; ஆனால் உதவியைத் தொடங்கச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் மதிப்பீடு செய்கிறார்கள். அவர்கள் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பைத்தான் நாட்டின் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் சான்று உள்ள மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் வீதம், மூன்று மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். எழுதுவதற்கு உதவியாளரையும் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பில் பதிவு செய்யும்போதே பள்ளி அலுவலகத்திடம் இதைப் பேசி, விண்ணப்பத்தின் நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது மதிப்பெண் அட்டையை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம். பிள்ளை தன் கையால் எழுதிய பழைய நோட்டுகளையும், ஆசிரியர்கள் சிவப்பு மையில் எழுதிய அந்த டைரியையும், காது, கண் சோதனை முடிவுகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். மருத்துவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.