மறுமொழி: பாய்ப்படகில் ஹோல்டிங் டேங்க், தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

படகுக் கழிவறையிலிருந்து வருவதைச் சேர்த்துவைக்கும் தொட்டிதான் ஹோல்டிங் டேங்க். படகுக் கையேட்டுக்காக அதற்கு நான் கேட்ட தமிழ்ச்சொல்லுக்கு ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு ஞாயிறும் சென்னைத் துறைமுகத்தில் அந்தத் தொட்டியைப் படகுக்குள் நுழைப்பதிலேயே போய்விட்டன. அதுவும் நல்லதுக்குத்தான். எந்தச் சொல் ஒட்டாது என்று இப்போது தெரிகிறது.

பிடிதொட்டி, தாங்குதொட்டி இரண்டும் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியவை. தொட்டி எதையும் பிடிப்பதில்லை. தாங்குவது அடியில் நாங்கள் அடித்த பலகை. கழிவுத்தொட்டி என்றால் கொல்லைப்புறத்துச் செப்டிக் டேங்க்தான் நினைவுக்கு வரும். அதில் கசடு படிந்து மக்கும், மேலே தெளிந்த நீர் வெளியேறும். இதில் அப்படி எதுவும் இல்லை. வந்ததை வந்தபடி வைத்திருந்து, விடக்கூடிய இடம் வந்ததும் விட வேண்டும், அவ்வளவே.

எது அந்த இடம்? கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்ப்பால் உடன்படிக்கையின் 4ஆம் இணைப்பு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கூழாக்கிக் கிருமி நீக்கிய கழிவைக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பாலும், எதுவும் செய்யாத கழிவை 12 கடல்மைலுக்கு அப்பாலும் விடலாம் என்கிறது அது. மொத்த டன்னேஜ் 400 முதலான கப்பல்களுக்கும், 15 பேருக்கு மேல் ஏற்றுபவற்றுக்கும் ஆன விதி; எங்கள் 26 அடிப் படகை யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் அதையே அளவாக வைத்துப் பாருங்கள். 12 கடல்மைல் என்றால் 22 கிலோமீட்டர். மணிக்கு 5 கடல்மைல் போகும் படகுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். காலையில் பாய் விரித்து மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். ஆக, கழிவு கரைக்கு வந்து லாரியில்தான் ஏற வேண்டும்.

கழிவிருத்தி எனக்குப் பிடித்திருந்தது, கழிவை இருத்திவைப்பது என்ற பொருளில். வீட்டில் படித்துக் காட்டினேன். ‘கழி விருத்தி’ என்று பிரித்துப் படித்தார்கள். கழிவு விருத்தியாகும் என்று சொல்லி யாரிடம் தொட்டியை விற்க? வைப்புக்கலத்தில் வேறு சிக்கல். கடலில் கலம் என்றால் படகேதான்.

என் பரிந்துரை: கழிவுத்தேக்கி. மின்தேக்கி எல்லோரும் பள்ளியில் படித்த சொல். மின்னூட்டத்தைச் சற்று வைத்திருந்து, வேண்டும்போது இறக்கிவிடுவது. இதன் வேலையும் அதுதான்.

*

தம்பிக்கு,

> என் பரிந்துரை: கழிவுத்தேக்கி.

தேக்கம் என்ற சொல் நம் ஊரில் எப்போதோ கெட்டுப்போய்விட்டதே. ஐப்பசி மழை வந்தால் தெருவில் தண்ணீர் தேங்கும், கொசு பெருகும். அலுவலகத்தில் கோப்பு தேங்கும். போதாக்குறைக்கு, படகுக்காரரிடம் தேக்கு என்றால் அவர் மரத்தைத்தான் நினைப்பார். கன அடி என்ன விலை என்று கேட்டுவிடப்போகிறார்.

மலத்தொட்டி என்றே வைத்துக்கொண்டால் என்ன? கூச்சப்பட இதில் என்ன இருக்கிறது?

*

ஐயா, வணக்கம்.

கூச்சம் இல்லை. உள்ளே போவதில் பெரும்பங்கு கழுவிவிடும் தண்ணீர்தான், அதனால்தான் கழிவு என்றேன்.

தேங்குவது தானாக நடப்பது, தேக்குவது நாம் செய்வது. மழைநீர் தெருவில் தேங்குகிறது, செம்பரம்பாக்கத்தில் தேக்குகிறோம். சொல்மேல் பழி விழுந்தது தன்வினையால். பிறவினை என்ன பாவம் செய்தது?

மரக் குழப்பம் ‘தேக்குத்தொட்டி’ என்றால்தான் வரும், தேக்கி என்றால் வராது. எங்களுடையது பாலிஎத்திலீன். எஃகில் செய்தால் பற்றவைத்த இடங்களைச் சிறுநீர் அரித்துவிடும். வாங்கும்போது எஃகுதான் கெட்டி என்று அடம்பிடித்தவன் நான், அது வேறு கதை.

முதலில் அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், படுக்கைக்கு அடியில் வைத்தோம். இடம் கச்சிதம். நல்ல தண்ணீர் நிரப்பிச் சோதித்தோம், 45 லிட்டர், அதாவது ஏறத்தாழ 45 கிலோ. ஒரு பள்ளிப் பையன் முனையில் ஏறி நின்றதுபோல மூக்கு தாழ்ந்தது. கழற்றி, நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, முடிந்தவரை தாழ்வாக வைத்துப் பட்டை போட்டு இறுக்கினோம். பாதி நிறைந்த தொட்டிதான் ஆபத்து. அலையில் தளும்பித் தளும்பிப் பட்டையைத் தளர்த்தப் பார்க்கும்.

கையேட்டில் நான் அதிகம் எழுதியிருப்பது காற்றுக்குழாயைப் பற்றி. அகலமாக இருந்து காற்று போய்வந்தால் நாற்றம் குறைவு. அடைபட்டால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கிளப்பும், அழுகிய முட்டை நாற்றம். அடைபட்டது தெரியாமல் மேலிருந்து லாரிக் குழாயால் உறிஞ்சினால் தொட்டியே சப்பிப்போகும். இந்தக் குழாய்க்குக் காற்றுப்போக்கி என்று போட்டிருக்கிறேன்.

*

தம்பி,

தன்வினை, பிறவினை என்று தமிழாசிரியரிடமே பாடம் எடுத்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன்.

அகராதியில் தேக்குக்குப் பக்கத்தில் ஒன்று கண்ணில் பட்டது: தேக்கெறிதல். வயிறார உண்டு ஏப்பம் விடுவது. உங்கள் தொட்டி காற்றுக்குழாய் வழியே செய்வதும் அதுதானே! தேக்கிக்கு இனி நான் எதிரியில்லை.

*

ஐயா, ஏப்பத்துக்கு நன்றி. கையேட்டில் அடிக்குறிப்பாகச் சேர்க்க அனுமதி வேண்டும்.

ஒரு சின்னத் திருத்தம். மேல்தளத்தில் ஒரே மாதிரி மூன்று மூடிகள்: குடிநீர், டீசல், கழிவு. உறிஞ்சும் வாய் 38 மில்லிமீட்டர்தான். அந்த மூடியில் ‘கழிவுத்தேக்கி’ கொள்ளவில்லை. ‘கழிவு’ என்று மட்டும் பொறித்திருக்கிறோம். கையேட்டில் முழுச் சொல் இருக்கட்டும்.

உதவிக்கு வரும் காசிமேட்டுப் பையனுக்கு இந்த விவாதத்தைச் சொன்னேன். “அது கக்கூஸ் டேங்குண்ணே” என்றான். கக்கூஸ் டச்சுச் சொல், அதுவும் கப்பலேறி வந்ததுதான், மறுக்க முடியவில்லை. மூடி மாறி யாரும் தண்ணீர் பிடித்துவிடக் கூடாது என்று கழிவு மூடிக்குச் சிவப்பும் குடிநீர் மூடிக்கு நீலமும் அவனே பூசிவிட்டான்.

அரைக்கும் பம்புக்குக் ‘கூழாக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்குள் சொல்லுங்கள், திங்களன்று அச்சுக்குப் போகிறது.