கொடுமணல்: குழந்தைகளோடு ஒரு நாள் போய்வரலாமா?

ஈரோட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை, அகழாய்வு நடந்த கொடுமணலுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, பையன் ஆறாவது படிக்கிறான். பார்க்க என்ன இருக்கிறது?

பதில் 1: கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீங்க. நொய்யல் ஆற்றின் வடகரையில் மேட்டு நிலம், பெருங்கற்காலக் கல்வட்டங்கள் (பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்), அவ்வளவுதான். ஆனால் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், மாலையில் கோக்கும் கல்மணி செய்த பட்டறைத் தடயங்கள், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் இங்கேதான் கிடைத்தன, சங்க நூலான பதிற்றுப்பத்து சொல்லும் 'கொடுமணம்' இதுதான் என்கிறார்கள். இதையெல்லாம் முன்னாடியே பையனுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்க, இல்லையென்றால் அவனுக்கு வெறும் காடாகத்தான் தெரியும்.

பதில் 2: அண்ணா சொன்னது சரி. இங்கே மணி செய்த பச்சை நிற பெரில் என்ற மணிக்கல் பக்கத்துப் படியூரில் வெட்டி எடுத்தது, அதையும் சொல்லுங்க. தரையில் பானை ஓடு, இரும்புக் கிட்டம் (இரும்பு உருக்கியபின் மிஞ்சிய கழிவுக் கட்டி) கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுடுங்க, தயவுசெய்து எடுத்து வராதீங்க. நிழல் கம்மி, காலையிலேயே போயிடுங்க. அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கங்க.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க. ஏழு மணிக்கே கிளம்புகிறோம், திரும்பும்போது சென்னிமலை முருகனையும் கும்பிட்டு வருகிறோம்.